வளைகாப்பு முடிந்ததும் எந்த ஊர்?

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். மதுரைப் பக்கம் இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து விவாதிப்பதில்லை. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ அவரவர் வழக்கப்படி நாள் பார்த்து வளைகாப்பு நடக்கும், கலவைச் சோறு கட்டிக் கொடுப்பார்கள், பெண்ணை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பரமக்குடிக்கோ சிவகங்கைக்கோ நிற்கிற பஸ்ஸில் இரண்டு கை நிறைய கண்ணாடி வளையலோடு ஒரு பெண் ஏறினால், சீட்டை விட்டு எழாதவர் கிடையாது. நல்ல வழக்கம்தான், அதை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஆபத்து அதிகம் என்று கர்ப்பிணி அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட பெண்ணுக்கும் இதே நாள், இதே பஸ், இதே ஊர் என்று முடிவு செய்கிறோமே, அங்கேதான் எனக்குச் சண்டை. இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே ஒரு குறைப்பிரசவம், ரத்தக் கொதிப்பு, கர்ப்பப்பை வாய் பலவீனம் என்று தெரிந்த பிறகும் 'வளைகாப்பு முடிஞ்சா எங்கே இருப்பே?' என்ற கேள்வியை யாரும் மருத்துவக் கேள்வியாக நினைப்பதில்லை. குறைமாதத்தில் வலி வந்துவிட்டால் குழந்தை பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் தொங்குகிறது என்பது என் வாதம்.

37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் 30 லட்சத்துக்கும் மேல் இந்தியாவில், எந்த நாட்டையும்விட அதிகம். தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் என்பதே ஏறக்குறைய முடிந்துபோன கதை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இங்கே 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடந்திருக்கிறது. 2020இல் நாட்டின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 28 என்றால் நம்முடையது 13. ஆக, 'ஆஸ்பத்திரிக்கு வாங்க' என்று இனி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறைமாதச் சுகப்பிரசவம் அருமையாக நடக்கிறது. முப்பது வாரத்தில், ஒன்றேகால் கிலோவில், மூச்சுவிடத் தெரியாமல் வருகிற குழந்தையை வைத்துக் காப்பாற்ற அது கட்டப்படவில்லை.

நிறைமாதத்தில் பழகிய அறிவு ஏழாம் மாசத்தில் எப்படிக் காலை வாருகிறது என்பதற்குச் சீரகக் கஷாயம் ஒன்று போதும். இடுப்பு வலிக்குது, அடிவயிறு இறுக்கிப் பிடிக்குது என்றால் பாட்டியோ அத்தையோ உடனே சொல்வது, 'சூட்டு வலியா இருக்கும், சீரகத்த வறுத்துத் தண்ணி கொதிக்க வச்சுக் குடு. சூடுன்னா அடங்கிரும், பிள்ளை வலின்னா கூடும்.' நாற்பதாவது வாரத்தில் இது சிரிக்க வேண்டிய யோசனையே அல்ல. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதால் அங்கே ஒன்றும் கெடாது, வீண் அலைச்சலும் மிச்சம். முப்பதாவது வாரத்தில் கணக்கே வேறு. வலி 'கூடும்' வரை காத்திருந்து கிளம்பினால், செய்ய வேண்டிய சிகிச்சைக்கான நேரத்தை அந்தக் கஷாயம் குடித்துவிடும். குறைமாதப் பிரசவ வலி பெரும்பாலும் கத்திக்கொண்டு வராது. விட்டு விட்டு வருகிற வயிற்று இறுக்கம், அடங்காத முதுகுவலி, நிறம் மாறிய வெள்ளைப்படுதல், துளி ரத்தம், காலோடு ஒழுகுகிற தண்ணீர் என்று அடக்கமாகத்தான் தொடங்கும்.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? 1972இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாதத்தில் பிரசவமாகப் போகிற தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுகிறது, மூச்சுத்திணறலும் சாவும் குறைகிறது என்று அதில் காட்டினார்கள். லிக்கின்ஸ் இந்தத் தடயத்தைப் பிடித்தது ஆட்டுக்குட்டிகளிடம்; பிழைக்க வழியே இல்லாத குறைமாதக் குட்டிகள் மூச்சுவிட்டதைப் பார்த்துத்தான். இன்றும் அரசு ஆஸ்பத்திரியில் போடுவது அந்த வகை மருந்துதான். டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி, பீட்டாமெத்தசோன் என்றால் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு. விலை மலிவு, மருந்தும் புதிதல்ல. ஆனால் வேலை செய்ய அதற்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். அந்த ஒன்றிரண்டு நாளைச் சம்பாதித்துக் கொடுக்கத்தான் நிஃபெடிபின் மாதிரி வலியைத் தணிக்கிற மாத்திரை. அது பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் என்று நம்பிவிடக் கூடாது. 48 மணி நேரம் கிடைத்தாலே அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

32 வாரத்துக்கு முன்பே பிரசவம் நெருங்கிவிட்டால் இன்னொரு மருந்தும் சேரும். மெக்னீசியம் சல்பேட், குழந்தையின் மூளையைக் காக்க. ஊசி ஏறும்போதே பெண்ணுக்கு உடம்பெல்லாம் தணல் பட்ட மாதிரி எரியும், முகம் சிவக்கும், சிலருக்குக் குமட்டும். பக்கத்திலேயே நின்று நர்ஸ் மூச்சை எண்ணுவார், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பையைப் பார்த்து எழுதுவார், சின்ன ரப்பர் சுத்தியால் முழங்காலில் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார். துள்ளல் நின்றால் மருந்து மிஞ்சிவிட்டது என்று பொருள். இப்படி ஆள் வைத்துக் காவல் காக்க வேண்டிய மருந்தை எங்கே கொடுக்க முடியும் என்று யோசித்தாலே இடத்தின் அருமை புரிந்துவிடும்.

'ஊசிதானே, கிராமத்து நர்ஸே போட்டு அனுப்பலாமே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014இல் மத்திய அரசே அந்த வழியைத் திறந்துவிட்டது. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போடலாம். ஆனால் அடுத்த ஆண்டே லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நம் பெலகாவி, நாக்பூர் பகுதிகளையும் சேர்த்து ஆறு நாடுகளில் இந்த ஊசியை அடிமட்டம் வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். எடை குறைந்த குழந்தைகளின் சாவு குறையவில்லை. மொத்தக் குழந்தைகளில் சாவு கூடியது, தாய்மாருக்குத் தொற்று என்ற சந்தேகமும் கூடியது. எல்லோரும் அரண்டுபோனார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனம் அதே மருந்தை இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில், வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும், ஸ்கேன் பார்த்து வாரத்தை உறுதி செய்துகொண்டு சோதித்தது. 2020இல் வந்த முடிவு: ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் இறந்தது 19.6 சதவீதம், போடாதவர்களிடம் 23.5. மருந்து ஒன்றுதான், சுற்றியிருந்த ஏற்பாடுதான் வேறு. வாரக் கணக்கு சரியாகத் தெரிந்த இடத்தில், தொற்றைக் கண்டுபிடிக்க முடிந்த இடத்தில், பிறந்த குழந்தையைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்த இடத்தில் அது உயிரைக் காத்தது. இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. கிராம நர்ஸ் போடுகிற முதல் ஊசி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பினால்தான் வீண்.

(இடையில் ஒன்று: முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'ஏழு மாசம் நடக்குது' என்றால் அது 28 வாரமாகவும் இருக்கலாம், 31ஆகவும் இருக்கலாம். டாக்டருக்கு இந்த மூன்று வாரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.)

அடுத்த கேள்வி, '108 இருக்கே?' இருக்கிறது, 2008 செப்டம்பரிலிருந்து. அது வந்த பிறகு காப்பாற்றப்பட்ட தாய்மாருக்குக் கணக்கில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும், அங்கே பார்த்துவிட்டு தாலுகா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள், அங்கிருந்து 'பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்கம்மா' என்பார்கள். பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரி இருக்கிற பனகல் சாலைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் சீட்டு எழுதியாகிவிடும். அதைவிடப் பெரிய சங்கதி, குழந்தை எங்கே பயணம் செய்கிறது என்பது. தாயின் வயிற்றுக்குள் இருந்தபடி வருவதும், பிறந்து, துணியில் சுற்றி, தனியாக வருவதும் ஒன்றல்ல. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, இங்கிலாந்தில் 28 வாரத்துக்கு முன்பே பிறந்த 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தது. சிறிய ஆஸ்பத்திரியில் பிறந்து இரண்டு நாளுக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்ட குழந்தைகளுக்கு, முதலிலேயே பெரிய இடத்தில் பிறந்தவர்களைவிடக் கடுமையான மூளைப் பாதிப்பு தெளிவாகவே கூடுதலாக இருந்தது. இங்கிலாந்தின் ஆம்புலன்ஸிலேயே இந்தக் கதி. உலகத்தில் எந்த இன்குபேட்டரும் பனிக்குடத்துக்கு ஈடில்லை.

குழந்தையை மட்டும் பிறகு மாற்றுவதில் இன்னொரு கொடுமை உண்டு. தாய் ஒரு ஆஸ்பத்திரியில் தையலோடு படுத்திருப்பாள், குழந்தை வேறொரு ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது என்.ஐ.சி.யு.வில். பீச்சிய பாலை மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொண்டு அப்பாவோ மாமாவோ ஷேர் ஆட்டோவில் போய் வருவார். கங்காரு பராமரிப்பு என்று, குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டி வைத்துச் சூடு கொடுக்கிற முறை இருக்கிறதே, கொலம்பியாவின் பொகோட்டாவில் எழுபதுகளின் கடைசியில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்தது. அதைப் பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன ஆகும் என்று டெல்லி சஃப்தர்ஜங் உள்பட ஐந்து ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை இருந்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதத்திலிருந்து 12ஆகக் குறைந்தார்கள். செலவில்லாத சிகிச்சை. ஆனால் தாயும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் நடக்கும்.

இனி அட்மிஷன் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் சந்தேகமும் கோபமும் அதிகம். 'பத்து நாள் சும்மா படுக்க வச்சாங்க, ஒண்ணுமே ஆகல, நிறைமாசத்துலதான் பொறந்துச்சு' என்று சொல்லாத குடும்பம் குறைவு. உண்மைதான். குறைமாத வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நிறைமாதத்தில்தான் பிரசவம் ஆகிறது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏமாற்றுகிறார்களா? யாருக்கு வலி அடங்கும், யாருக்கு அடங்காது என்று வாசலிலேயே சொல்லிவிடும் கருவி கிடையாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் எவ்வளவு? 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து வலியும் அடங்கியிருந்தால் உடனடியாகப் பிரசவம் ஆகும் வாய்ப்பு குறைவு. ஸ்டீராய்டு முடிந்தது, இரண்டு மூன்று நாள் பார்த்தும் மாற்றமில்லை என்றால், 'வீட்டுக்குப் போகலாமா?' என்று கேட்பதில் தப்பே இல்லை. பில் ஏறுகிற தனியார் இடத்தில் கட்டாயம் கேட்க வேண்டும். பனிக்குடம் உடைந்துவிட்டால் மட்டும் பேச்சு வேறு. காய்ச்சல் வருகிறதா, தொற்று ஏறுகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் பிரசவம் வரை உள்ளேதான்.

அட்மிஷன் என்றதும் நம் மனசில் வருகிற படம் படுக்கை. அசையாமல் கிடக்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துவார்கள், பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்காதே என்பார்கள். இதற்கு ஆதாரம் தேடிப்போனால் கை வெறுமையாகத்தான் திரும்பும். படுக்கை ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுக்கிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு அலசியபோது தேறியது 1,266 பெண்களைக் கொண்ட ஒரே ஆய்வு. ஓய்வெடுத்தவர்களில் 7.9 சதவீதம், எடுக்காதவர்களில் 8.5 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வாரக்கணக்கில் படுத்தால் காலில் ரத்தம் உறையும், தசை கரையும், மனசு உடையும். ஆகவே ஆஸ்பத்திரி நமக்குத் தருவது படுக்கையை அல்ல. கூப்பிடு தூரத்தில் ஒரு என்.ஐ.சி.யு., ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து வருகிற ஒரு டாக்டர், இவைதான் அந்த அட்மிஷனின் சரக்கு. வார்டு வராந்தாவில் மெதுவாக நடக்கிற பெண்ணைப் பார்த்து 'போய்ப் படும்மா' என்று விரட்டுகிற சொந்தக்காரர்கள் இதைக் கொஞ்சம் மனசில் வைக்கட்டும்.

படுக்கைக்கு மருந்தின் மரியாதை கொடுத்ததால் வந்த இன்னொரு தீங்கு, பழி. 'மாட்டுத்தாவணியிலேர்ந்து பஸ்ஸுல போகாதேன்னு சொன்னேன்ல', 'தண்ணிக் குடத்தத் தூக்குனா', 'மாடிப்படி ஏறி எறங்குனா.' கடும் உழைப்புக்கும் நாள் முழுக்க நிற்கிற வேலைக்கும் ஓரளவு தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒரு பஸ் பயணத்தால் குறைப்பிரசவம் ஆனது என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. முந்தைய குறைப்பிரசவம், இரட்டைக் கரு, சிறுநீர்த் தொற்று, கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பது, ரத்தக் கொதிப்பு என்று காரணங்கள் உடம்புக்குள் இருக்கின்றன. பல சமயம் என்ன காரணம் என்றே தெரிவதில்லை. கர்ப்பப்பை வாய் தானாகத் திறந்துகொள்கிற பெண்களுக்குத் தையல் போட்டு நிறுத்தலாம் என்று 1955இல் உலகத்துக்குக் காட்டியவர் பம்பாய் மருத்துவர் ஷிரோத்கர். அவர் காட்டிய முறைத் தையல் இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அதற்கு முன்னால் எத்தனை தலைமுறைப் பெண்கள், ஒரு தையலில் நின்றிருக்கக்கூடியதற்காக 'அடங்கி ஒடுங்கி இருக்கத் தெரியாதவ' என்ற பேச்சைச் சுமந்திருப்பார்கள்!

எட்டாம் மாசக் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 'ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது' என்கிற நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஹிப்போகிராட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல்களிலும் இதே பயம் உண்டு. எங்கே இருந்தாலும் தப்பு தப்புதான். வயிற்றில் தங்குகிற ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஏழாம் மாசம் வலி வந்தால் 'பரவால்ல, தங்கிரும்' என்று நிதானமாகக் கிளம்புவதற்கு இந்த நம்பிக்கை காரணமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, எனக்கே கொஞ்சம் சங்கடமான மறுப்பு: 'அம்மா வீட்டுப் பராமரிப்பை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக அவளை மாமியார் வீட்டிலேயே இருக்கச் சொல்கிறாயா?' இல்லை. அம்மாவின் கைச்சோறும் வேளைக்குத் தூக்கமும் பேச்சுத்துணையும் சின்ன விஷயங்கள் அல்ல. எல்லோரும் மதுரைக்கே ஓடிவர வேண்டும் என்பதும் இல்லை. அது பெரியாஸ்பத்திரியின் நெரிசலைக் கூட்டுவதில்தான் முடியும். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரம், விருதுநகர், திண்டுக்கல்லில் 2022இல் வந்துவிட்டது. தாய் வீடு பரமக்குடி என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முன்னாலேயே பேசி வைக்கலாம், அங்கே ஒரு தடவை போய்ப் பதிந்துவிட்டு வரலாம், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணும் பழைய ரிப்போர்ட்டுகளும் கையில் இருந்தால் போதும். கடைக்கோடிக் கிராமம் என்றால் வளைகாப்பைச் செய்துவிட்டு, 34 வாரம் தாண்டும் வரை பெண்ணை டவுனில் வைத்துக்கொண்டு அம்மா இங்கே வந்து இருக்கலாம். பெண் போவதற்குப் பதில் அம்மா வருவது. சம்பந்தி வீட்டில் போய் எப்படித் தங்குவது என்ற கூச்சம்தான் தடை. அந்தக் கூச்சத்தை உடைக்க வேண்டியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். அழைப்பு அவர்களிடமிருந்து வர வேண்டும்.

இதற்கெல்லாம் காசு? இங்கேதான் அரசின் பக்கம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. கம்பெனி வேலையில் இருக்கிற பெண்ணுக்குப் பேறுகால விடுப்புச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு, குறைமாதப் பிரசவத்தாலோ கர்ப்பத்தால் வந்த நோயாலோ அவதிப்பட்டால் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. பலருக்கு இது தெரியவே தெரியாது, கேட்டு வாங்குங்கள். விடியும் முன் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிற பெண்ணுக்கு அப்படி எந்தப் பிரிவும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். சுகப்பிரசவமாகி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனவருக்கும் அதே தொகை, நாற்பது நாள் வார்டில் இருந்து ஒன்றேகால் கிலோப் பிள்ளையோடு திரும்புகிறவருக்கும் அதே தொகை. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் துணைக்கு வந்து வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கிற அம்மாவின் கூலி போகிறது, வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. நாலாம் நாள் 'எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றோம் டாக்டர்' என்று பெண்கள் கிளம்புவதை அறியாமை என்று எழுதிவிடுவது சுலபம். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அட்டைக்கு, உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் தாய்க்கும் துணைக்கும் கிராமப்புற வேலைத்திட்டக் கூலி அளவுக்காவது படி கொடுத்தால், அந்தக் கையெழுத்துகளில் எத்தனை விழாமல் போகும் என்று ஒரு மாவட்டத்திலாவது செய்து பார்க்கலாம். மதுரையிலேயே தொடங்கலாம்.